விடையைப் பொத்திக்கொண்டு வாசியுங்கள்

கேள்வி: நான் சுன்னாகத்தில் வசிக்கும் கணித ஆசிரியை, வயது 44. தரம் 6 இல் படிக்கும் மகன் பாடசாலையில் சதுரங்கம் பழகுகின்றான். வீட்டில் அவனோடு விளையாட ஆளில்லாததால் நானும் பழகத் தொடங்கினேன். என்னிடம் மூன்று புத்தகங்கள் உள்ளன: சென்னையில் அச்சான, விதிகளைக் கூறும் சிறிய தமிழ் நூல், ஆட்டத் தொடக்கங்களைப் பற்றிய தடித்த ஆங்கில நூல், காலஞ்சென்ற அப்பாவின் பழைய ஆங்கிலப் புத்தகம். தடித்த நூலில் ஒரு தொடக்கத்தைப் பன்னிரண்டு நகர்த்தல்கள் வரை மனப்பாடம் செய்தேன். மகன் மூன்றாவது நகர்த்தலிலேயே நூலில் இல்லாத ஒன்றைச் செய்தான். கால் மணித்தியாலத்தில் தோற்றுவிட்டேன். அப்பாவின் புத்தகத்திலுள்ள குறியீடோ எனக்கு விளங்கவேயில்லை. 1858 இல் பாரிசில் நடந்ததாக அதில் உள்ள, பதினேழு நகர்த்தல்களில் முடியும் ஓர் ஆட்டத்தின் எட்டாவது நகர்த்தலுக்குப் பக்கத்தில் அவர் பென்சிலால் "ஏன் வெட்டவில்லை?" என்று எழுதியிருக்கிறார். இந்த வயதில் புத்தகங்களைக் கொண்டே சதுரங்கம் பழக முடியுமா? அடுத்து எந்த நூலை வாங்கலாம்?

பதில்:

மதிப்புக்குரிய ஆசிரியை அவர்களுக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். இப்போதைக்கு எந்த நூலையும் வாங்க வேண்டாம். அந்தத் தடித்த நூலை அலுமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு, மற்ற இரண்டையும் ஒரு சதுரங்கப் பலகை, ஒரு கொப்பி, ஒரு பென்சில் ஆகியவற்றோடு மேசைக்குக் கொண்டுவந்தால், வரும் ஓராண்டுக்கு வேண்டியதில் பெரும்பகுதி உங்கள் கையிலேயே இருக்கிறது. உங்கள் தோல்விக்குக் காரணம் வயதும் அல்ல, புத்தகங்களும் அல்ல. நீங்கள் அவற்றை வாசித்த விதமே காரணம் என்று கடிதத்தைப் படித்தவுடன் எனக்குத் தோன்றியது. கடந்தகால வினாத்தாள் தொகுப்பொன்றை வாங்கி, வினாவையும் அதன் கீழுள்ள செய்கையையும் ஒரே மூச்சில் வாசித்துவிட்டு, "விளங்கிவிட்டது ரீச்சர்" என்று சொல்லி, பரீட்சை மண்டபத்தில் எண் மாறிய அதே கணக்கின் முன் விழிக்கும் மாணவனை நீங்கள் ஆண்டுதோறும் காண்கிறீர்கள் அல்லவா? சதுரங்கப் புத்தகத்தின் முன் நீங்கள் அந்த மாணவனாகவே இருந்திருக்கிறீர்கள்.

தொடக்கங்களை மனப்பாடம் செய்வது ஏன் பயன்படாது என்பதை உங்களுக்கு எண்களாலேயே சொல்லலாம். ஆட்டத்தின் முதல் நகர்த்தலை வெள்ளை 20 விதமாகச் செய்யலாம்: எட்டுக் காலாட்களுக்கும் இரண்டிரண்டாகப் பதினாறு, இரண்டு குதிரைகளுக்கும் இரண்டிரண்டாக நான்கு. கறுப்புக்கும் அவ்வாறே 20 என்பதால், இருவரும் ஒருமுறை நகர்த்தியவுடன் 400 வழிகள் உண்டாகின்றன. இருவரும் இரண்டாம் முறையும் நகர்த்தி முடிக்கும்போது அது 197,281 ஆகிவிடுகிறது. உங்கள் நூல் இவற்றுள் தேர்ந்த வீரர்கள் நடக்கும் ஒருசில ஒழுங்கைகளையே காட்டுகிறது. தரம் 6 பிள்ளை அந்த ஒழுங்கையால் வர வேண்டுமென்று எந்தக் கட்டாயமும் இல்லை. நானும் இதை அடிபட்டே அறிந்தேன். இளவயதில் ஒரு தொடக்கத்தை இருபது பக்கம் மனப்பாடம் செய்துகொண்டு போட்டிக்குப் போனேன். கறுப்புக் காய்களோடு அமர்ந்த என் எதிரில், வெள்ளை அரசனின் காலாளுக்குப் பதிலாக அரசியின் காலாளை நகர்த்தியது. இருபது பக்கமும் அந்த ஒரு நொடியில் போயிற்று.

இப்போதைக்குத் தொடக்கம் பற்றி நீங்கள் அறிய வேண்டியது மிகக் கொஞ்சம். நடுவிலுள்ள கட்டங்களுக்குக் காலாட்களை அனுப்புங்கள். குதிரைகளையும் மந்திரிகளையும் விரைவாக வெளியே எடுங்கள். அரசனைக் கோட்டை கட்டி (அரசனையும் மூலையில் நிற்கும் காயையும் ஒரே நகர்த்தலில் இடம்மாற்றி) பாதுகாப்பாக வையுங்கள். தக்க காரணமின்றி ஒரே காயை இருமுறை நகர்த்தாதீர்கள். மற்றையவை பிறகு வரலாம்.

காய்களின் பெயர்களைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும், ஏனெனில் தமிழ் நூல்களை வைத்துப் பழகுவோர் பலர் இங்கேதான் முதலில் இடறுகிறார்கள். இப்பதிலில் நான் அரசன், அரசி, கோட்டை, மந்திரி, குதிரை, காலாள் என்று எழுதுகிறேன். வேறு நூல்களில் கோட்டைக்கு யானை என்றும் தேர் என்றும் பெயருண்டு; மந்திரி என்று நான் சொல்லும் சாய்வாகச் செல்லும் காய்க்கும் வேறு பெயர்கள் உண்டு. பழைய வழக்கில் அரசனுக்கு அருகில் நின்றவரே மந்திரி என்பதால், நாம் இன்று அரசி என்று சொல்லும் காயையே மந்திரி என எழுதியவர்களும் இருக்கிறார்கள். ஆகவே உங்கள் தமிழ் நூல் எந்தக் காயை எப்பெயரால் அழைக்கிறது என்று கொப்பியின் முதற்பக்கத்திலேயே ஓர் அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள். பாடசாலையில் மகன் சொல்லும் பெயரையும் பக்கத்தில் எழுதிவிட்டால் வீட்டில் வாக்குவாதம் வராது.

இனி அப்பாவின் புத்தகம். இன்று உலகெங்கும் வழங்கும் குறியீடு உங்களுக்குப் பழகிய ஆள்கூறுதான்: நிரல்களுக்கு இடமிருந்து வலமாக ஏ, பி, சி, டி, ஈ, எவ், ஜி, எச் என எழுத்துகள், நிரைகளுக்கு வெள்ளையின் பக்கமிருந்து 1 முதல் 8 வரை எண்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு வரிசைப்பட்ட சோடி. அதற்கு ஒரே ஒரு பெயர். உங்கள் தந்தையாரின் புத்தகம் இதற்கு முந்திய ஆங்கில முறையில் அமைந்தது. அம்முறையில் ஒவ்வொரு நிரலும், ஆட்டத் தொடக்கத்தில் அதன் அடியில் நிற்கும் காயின் பெயரைப் பெறும். நிரைகளை வெள்ளை தன் பக்கமிருந்தும் கறுப்பு தன் பக்கமிருந்தும் எண்ணும். எனவே ஈ4 என்ற கட்டம் வெள்ளையின் நகர்த்தலில் "அரசன் 4" ஆகவும் கறுப்பின் நகர்த்தலில் "அரசன் 5" ஆகவும் எழுதப்படும். ஒரே கட்டத்துக்கு இரண்டு பெயர்கள் இருந்ததே உங்களைக் குழப்பியிருக்க வேண்டும். (ஆங்கில எழுத்துகளைத் தமிழில் எழுதினால் காலாளும் மந்திரியும் இரண்டுமே "பி" ஆகிவிடும் என்பதால் நான் சொற்களாகவே எழுதுகிறேன்.) உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு அந்தப் பழைய முறையை ஏற்பதை 1981 இல் நிறுத்திவிட்டது.

அதற்காக அந்தப் புத்தகத்தைப் பழையதென்று ஒதுக்கிவிடாதீர்கள். எங்கள் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதும் அதே 1981 இல்தான். 1995 இடப்பெயர்வில் வீட்டு அலுமாரிகளில் இருந்தவையும் எத்தனையோ போயின. என் முதல் சதுரங்கப் புத்தகமும் அவற்றுள் ஒன்று. உங்கள் வீட்டுப் புத்தகம் பென்சில் எழுத்தோடு தப்பியிருக்கிறது என்பதே பெரிய காரியம். அதிலுள்ள ஆட்டங்களைப் பழைய குறியீட்டிலிருந்து புதியதற்கு மாற்றி, ஒரு நாளைக்கு ஓர் ஆட்டமாகக் கொப்பியில் எழுதுங்கள். இரண்டு வாரத்தில் பலகையின் 64 கட்டங்களும் கண்ணை மூடினாலும் தெரியத் தொடங்கும். வேறெந்த அப்பியாசமும் இதை இவ்வளவு மலிவாகத் தராது.

மாற்றுவதற்கு முதல் ஆட்டமாக, நீங்கள் குறிப்பிட்ட அந்தப் பாரிஸ் ஆட்டத்தையே எடுங்கள். அது, பால் மோர்பி என்ற 21 வயது அமெரிக்க இளைஞர், ஓர் இசைநாடக அரங்கில் நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே, பிரன்ஸ்விக் கோமகனும் ஒரு பிரெஞ்சுப் பிரபுவும் சேர்ந்து ஆலோசித்து ஆடியதற்கு எதிராக ஆடிய ஆட்டம். தொடங்குவோருக்கு இதைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியாது. முதல் மூன்று நகர்த்தல்கள் இவை: வெள்ளை ஈ4, கறுப்பு ஈ5, வெள்ளைக் குதிரை எவ்3, கறுப்பு டி6, வெள்ளை டி4, கறுப்பு மந்திரி ஜி4. இந்த மூன்றாவதை அப்பாவின் புத்தகம் "மந்திரி – குதிரை 5" என்று எழுதியிருக்கும். கறுப்பின் பக்கமிருந்து எண்ணிப் பார்த்தால் சரியாக வரும்.

இங்கிருந்துதான் வாசிக்கும் முறை மாற வேண்டும். நான்காவது நகர்த்தல் முதல், அச்சிட்ட பக்கத்தை ஒரு மட்டையால் மூடிவிடுங்கள். பலகையில் நிலையைப் பார்த்து, வெள்ளையின் அடுத்த நகர்த்தல் என்னவாக இருக்கும் என்று யோசித்து, உங்கள் விடையையும் ஒரு வரிக் காரணத்தையும் கொப்பியில் எழுதிய பின்னரே மட்டையை ஒரு வரி கீழே இறக்குங்கள். உங்கள் விடையும் மோர்பியின் நகர்த்தலும் ஒத்துப்போனால் மகிழலாம். ஒத்துப்போகாவிட்டால் அதைவிட நல்லது, ஏனெனில் இரண்டையும் பலகையில் வைத்து எது ஏன் மேலானது என்று தேடும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் படிப்பு நடக்கிறது. பதினேழு நகர்த்தல்களுக்கு இரண்டு மாலைகள் ஆகலாம்; ஆகட்டும்.

அப்படிச் செய்யும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன். கறுப்பு மூன்றாவது நகர்த்தலில் வெளியே அனுப்பிய மந்திரியை நான்காவதிலேயே குதிரைக்காகக் கொடுக்க நேர்கிறது. அதை வெட்டும் சாக்கில் வெள்ளை அரசி எவ்3 இற்கு வந்துவிடுகிறாள். ஆறாவதில் வெள்ளை மந்திரி சி4 இற்கு வரும்போது, எவ்7 காலாளை அரசியால் வெட்டி மேட் செய்யும் (எதிரி அரசனைத் தப்ப வழியின்றிச் சிக்கவைத்து ஆட்டத்தை முடிக்கும்) அச்சுறுத்தல் பிறக்கிறது. ஏழாவதில் அரசி பி3 இற்குச் சென்று எவ்7, பி7 ஆகிய இரு காலாட்களையும் ஒன்றாகக் குறிவைக்கிறாள். கறுப்பு தன் அரசியை ஈ7 இல் வைத்து ஒன்றைக் காக்கிறது. ஆனால் அதே அரசி எவ்8 இல் நிற்கும் தன் மந்திரியின் வழியை அடைத்துவிடுகிறாள். அந்த மந்திரியும் அதன் பக்கத்திலுள்ள கோட்டையும் ஆட்டம் முடியும்வரை ஒருமுறைகூட அசைவதில்லை. பதினாறாவது நகர்த்தலில் வெள்ளை தன் அரசியையே பி8 இல் பலி கொடுக்கிறது. பதினேழாவதில் கோட்டை டி8 இல் மேட். அந்த இறுதி நிலையில் காய்களை எண்ணிப் பாருங்கள்: அரசனையும் காலாட்களையும் விட்டால் வெள்ளைக்கு ஒரு கோட்டையும் ஒரு மந்திரியுமே மிச்சம், கறுப்புக்கு அரசி, கோட்டை, மந்திரி, குதிரை எல்லாம் இருக்கின்றன. நான் மேலே தொடக்கம் பற்றிச் சொன்ன நான்கு வரிகளும் ஏன் சொல்லப்படுகின்றன என்பது அந்த நிலையைப் பார்த்தால் விளங்கிவிடும்.

முழு ஆட்டங்களை ஒரு பக்கம் இவ்வாறு பார்த்துக்கொண்டே, மறுபக்கம் ஆட்டத்தின் முடிவுப் பகுதியிலிருந்து படிக்கத் தொடங்குங்கள். மூன்று காய்கள் மட்டும் உள்ள நிலையில் விடை திட்டவட்டமாக இருக்கும், நிறுவவும் முடியும். 1921 முதல் 1927 வரை உலக வெற்றிவீரராக இருந்த கியூப நாட்டவரான கபபிளாங்கா, தொடங்குவோருக்காக 1921 இல் வெளியிட்ட நூலை இத்தகைய எளிய முடிவுகளோடுதான் ஆரம்பிக்கிறார். அரசனும் கோட்டையும் சேர்ந்து தனி அரசனை மேட் செய்வதை முதலில் பழகுங்கள். அதன்பின் அரசனும் ஒரு காலாளும். வெள்ளை அரசன் ஈ5, காலாள் ஈ4, கறுப்பு அரசன் ஈ7 என்று வையுங்கள். கறுப்பு நகர்த்த வேண்டுமானால் வெள்ளை வெல்லும். அதே நிலையில் வெள்ளை நகர்த்த வேண்டுமானால் சமநிலை. நகர்த்தும் உரிமை சுமையாகிவிடும் இந்த விந்தையை மகனோடு இருபக்கமும் மாறி மாறி ஆடிப் பாருங்கள். பிறகு எல்லாவற்றையும் ஒரு நிரை மேலே தள்ளி, அரசன் ஈ6, காலாள் ஈ5, கறுப்பு அரசன் ஈ8 என்று வைத்தால், யார் நகர்த்தினாலும் வெள்ளையே வெல்லும். ஏன் என்று அவனையே நிறுவச் சொல்லுங்கள்.

உங்கள் வகுப்புக்கும் கொண்டுபோகக்கூடிய ஒன்று இருக்கிறது. துணையின்றி ஓடும் காலாளை எதிரி அரசன் பிடிப்பானா என்று அறிய நகர்த்தல்களை எண்ணத் தேவையில்லை. காலாள் நிற்கும் கட்டத்திலிருந்து அது அரசியாக உயரும் கட்டம் வரையுள்ள நீளத்தைப் பக்கமாகக் கொண்டு, எதிரி அரசன் இருக்கும் திசையில் ஒரு சதுரம் வரையுங்கள். காலாள் பி4 இல் என்றால் சதுரத்தின் மூலைகள் பி4, பி8, எவ்8, எவ்4. கறுப்பு அரசன் ஜி4 இல் நின்று, நகர்த்தும் முறை கறுப்பினுடையதாயின், அவன் சதுரத்துக்குள் கால் வைத்துக் காலாளைப் பிடித்துவிடுவான். முறை வெள்ளையினுடையதாயின் சதுரம் சுருங்கிவிட, அவன் வெளியிலேயே நின்றுவிடுவான். காலாள் இன்னும் 2ஆம் நிரையில் நின்றால், அது இரு கட்டம் பாயக்கூடும் என்பதால், 3ஆம் நிரையில் நிற்பதாகக் கருதியே சதுரம் வரைய வேண்டும்.

மூன்றாவதாகப் புதிர்கள். ஒரு நகர்த்தலில் மேட், இரண்டு நகர்த்தலில் மேட், குதிரை ஒரே நேரத்தில் இரு காய்களைத் தாக்குதல், அரசனுக்கு முன்னால் நிற்கும் காய் அசைய முடியாமல் கட்டுண்டு கிடத்தல் போன்றவற்றை நாளுக்குப் பத்தாகச் செய்யுங்கள். நூறு முடிந்ததும் புதிய நூறுக்குப் போகாமல் அதே நூறை மறுபடியும் செய்யுங்கள். 1973 இல் சேஸ், சைமன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், உண்மையான ஆட்டங்களின் நிலைகளை ஐந்து வினாடி மட்டும் காட்டி மறைத்தபோது, தேர்ந்த வீரர் பெரும்பாலான காய்களைத் திரும்ப அடுக்கினார். தொடக்கநிலையாளரால் சிலவற்றையே அடுக்க முடிந்தது. காய்களைக் கண்டபடி இறைத்துக் காட்டியபோதோ அந்த வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிட்டது. வீரரிடம் இருந்தது பெரிய ஞாபகசக்தி அல்ல. பழகிய வடிவங்களின் சேகரம். உங்கள் பன்னிரண்டு நகர்த்தல்களுக்கும் அத்தகைய வடிவங்களுக்கும் உள்ள வித்தியாசம், வடிவங்கள் எந்த ஆட்டத்திலும் திரும்பத் திரும்ப வரும் என்பதே.

புதிர்களைத் தனியே செய்ய வேண்டும் என்றில்லை. விசுவநாதன் ஆனந்துக்கு ஆட்டத்தைக் கற்பித்தவர் அவருடைய தாயார். குடும்பம் பிலிப்பைன்சின் மணிலாவில் இருந்தபோது, மகன் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நண்பகல் வேளையில் தொலைக்காட்சியில் வரும் சதுரங்கப் புதிர்களை அவர் எழுதிவைப்பார், மகன் வந்ததும் இருவரும் சேர்ந்து விடை கண்டு அனுப்புவார்கள், பரிசு புத்தகம். வென்றது மிகவும் அதிகமாகிவிடவே, வேண்டிய புத்தகங்களை எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள், இனி விடை அனுப்ப வேண்டாம் என்று நிகழ்ச்சியை நடத்தியவர்கள் சொல்லிவிட்டதாக ஆனந்தே கூறியிருக்கிறார். உங்கள் மகன் ரியூசனால் வரும்வரை நீங்கள் மூன்று புதிர்களைப் பலகையில் அடுக்கி வைப்பது பெரிய காரியம் அல்ல.

ஆடாமல் படிப்பதில் பயனில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வாரத்துக்கு இரண்டு ஆட்டங்களாவது, அவசரமின்றி, தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்ற விதியோடு, எல்லா நகர்த்தல்களையும் எழுதிக்கொண்டே ஆடுங்கள். மகன் சலித்தால் ஊர் வாசிகசாலையில் மாலையில் ஆடுவோர் எவரேனும் இருப்பார்கள். தோற்ற ஆட்டத்தை மறுநாள் பலகையில் வைத்து, எந்த நகர்த்தலில் சறுக்கினீர்கள் என்று நீங்களே தேடிக் குறித்துவையுங்கள். கைத்தொலைபேசியில் ஆடுவதானால் லிசெஸ் என்ற தளம் கட்டணமும் விளம்பரமும் இல்லாதது. ஆனால் அதிலுள்ள கணினிப் பகுப்பாய்வு, வினாத்தாளின் கடைசிப் பக்கத்தில் உள்ள விடைகளைப் போன்றது. உங்கள் செய்கை கொப்பியில் ஏறிய பிறகே அதைத் திறவுங்கள்.

வயதைப் பற்றிக் கேட்டீர்கள். மகன் உங்களைவிட விரைவாக முன்னேறுவான். ஓரிரு ஆண்டில் எட்டாத தூரம் போய்விடவும் கூடும். இந்த வயதில் தொடங்கியவர் பட்டம் பெறும் வீரராவது மிக அரிது என்பதையும் மறைக்க மாட்டேன். ஆனால் காரணத்தோடு நகர்த்தி, நல்ல ஆட்டமொன்றை ரசித்து, பிள்ளைக்கு ஈடுகொடுத்து ஆடும் நிலையை, நாளுக்கு முக்கால் மணித்தியாலம் தவறாமல் செலவிடும் பெரியவர்கள் அடைவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அப்பாவின் புத்தகத்தை முடித்த பின்னும் ஒரு நூல் வேண்டுமென்றால், இர்விங் செர்னெவ் 1957 இல் வெளியிட்ட, 33 ஆட்டங்களில் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் விளக்கம் தரும் நூலைத் தேடுங்கள். பழைய பதிப்பு உங்களுக்கு இப்போது விளங்காத அதே குறியீட்டில் உள்ளது. பிந்திய பதிப்பு புதிய குறியீட்டில் உள்ளது. அதற்குள் உங்களுக்கு இரண்டும் ஒன்றாகியிருக்கும்.

கடைசியாக, அந்தப் பென்சில் எழுத்து. எட்டாவது நகர்த்தலில் மோர்பி குதிரையை சி3 இற்குக் கொண்டுவருகிறார். அரசி பி3 இல் நிற்கிறாள். பி7 காலாள் காவலின்றிக் கிடக்கிறது. உங்கள் தந்தையார் கேட்டது அதைத்தான், கேட்டதும் நியாயமானதே: வெட்டினால் ஒரு காலாள் லாபம், அதில் பிழையும் இல்லை. வெட்டியவுடன் கறுப்பு அரசி பி4 இற்கு வந்து வெள்ளை அரசனைத் தாக்கிச் செக் சொல்வாள் என்பது வரை நான் சொல்லலாம். அதன் பின் பலகையில் எவை மிஞ்சும், மோர்பி எதை இழக்க விரும்பவில்லை என்பதை நீங்களும் மகனும் காய்களை வைத்துப் பார்த்து, கொப்பியில் எழுதிய பின் எனக்கு அனுப்புங்கள்.